டி.எஸ்.எச். சீட்டு சொல்வதும் சொல்லாததும்

அஞ்சுகிராமத்திலிருந்து காலை முதல் பஸ்ஸில் ரத்தம் கொடுக்க நாகர்கோவில் போகிறவர்களைப் பார்த்தாலே தெரியும். பச்சைத் தண்ணீர் படாத வாய், கையில் நாலாக மடித்த சீட்டு. "ஒரு மடக்கு கட்டஞ்சாயா குடிச்சா தைராய்டு தப்பாக் காட்டும்லா மயினி?" காட்டாது. குழப்புகிற சங்கதிகள் வேறு.

நம்பிக்கை: வெறும் வயிற்றில்தான் எடுக்க வேண்டும்.
உண்மை: தைராய்டுக்கு மட்டும் என்றால் பட்டினி கட்டாயமில்லை. சர்க்கரையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் அது தேவை. இதில் நேரம்தான் முக்கியம். தைராய்டு சுரப்பியைத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.எச். இரவிலும் விடியலிலும் ஏறும், பகலில் இறங்கும். போன தடவை காலை 7 மணிக்கும் இந்தத் தடவை மாலை 4 மணிக்கும் கொடுத்துவிட்டு இரண்டையும் ஒப்பிடக் கூடாது. தைராக்சின் சாப்பிடுகிறவர்கள் அன்றைய மாத்திரையை ரத்தம் கொடுத்த பிறகு போட்டுக்கொள்வது நல்லது.

நம்பிக்கை: டி.எஸ்.எச். கூடினால் தைராய்டு கூடிவிட்டது.
உண்மை: தலைகீழ். டி.எஸ்.எச். கழுத்துச் சுரப்பியில் ஊறுவதில்லை; மூளைக்கடியில் இருக்கும் பிட்யூட்டரி அனுப்புவது. வயலில் நடவு மந்தமானால் வரப்பில் நிற்பவர் சத்தம் கூடுமே, அதுபோல. சுரப்பி சோம்பினால் ஏறும். மிகையாகச் சுரந்தால் இறங்கும். பெரியவர்களுக்கு ஏறத்தாழ 0.4 முதல் 4 வரை சரி. ஆய்வகத்துக்கு ஆய்வகம் கொஞ்சம் மாறும். கர்ப்பிணிகளுக்குக் கணக்கே வேறு.

நம்பிக்கை: ஒரு தடவை கூடினால் ஆயுசுக்கும் மாத்திரை.
உண்மை: 6, 7 என்று லேசாக ஏறி, சுரப்பி சுரக்கும் ஹார்மோனான ஃப்ரீ டி4 சரியாக இருந்தால் பெரும்பாலும் இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி பார்ப்பார்கள். பலருக்குத் தானாகவே இறங்கிவிடும். 10-ஐத் தாண்டினாலோ, கர்ப்பமாக இருந்தாலோ காத்திருக்காமல் டாக்டரைப் பார்க்க வேண்டும். மாத்திரையைத் தொடங்கினாலும் அளவை மாற்றினாலும் அதன் பலன் சீட்டில் தெரிய 6 முதல் 8 வாரம் ஆகும்.

நம்பிக்கை: முடி கொட்டுவதற்குப் போடும் மாத்திரைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.
உண்மை: உண்டு. அதிலுள்ள பயோட்டின், பல ஆய்வகக் கருவிகளின் கணக்கைக் குழப்பிவிடும். டி.எஸ்.எச். பொய்யாகக் குறையும், டி4 பொய்யாகக் கூடும். சுரப்பி சோம்பினாலும் முடி கொட்டும். அதற்கென்று கடையில் வாங்கிப் போட்ட மாத்திரையே நோயைச் சீட்டில் மறைத்துவிடலாம். குறைந்தது 2 நாள் முன்பே நிறுத்தச் சொல்கிறார்கள்.

நம்பிக்கை: தினமும் மரச்சீனிக் கிழங்கு தின்றால் தைராய்டு வரும்.
உண்மை: சுரப்பி அயோடின் எடுப்பதைத் தடுக்கும் பொருள் கிழங்கில் உண்டுதான். அயோடின் போதாத இடத்தில்தான் அது பெரிய சேதம் செய்யும். அவித்து, தண்ணீரை வடித்து, கடல் மீன் குழம்போடு தின்பது நம் வழக்கம். அதைவிட, அயோடின் உப்பை விட்டுவிட்டு இந்துப்புக்கு மாறுவதற்குத்தான் அஞ்ச வேண்டும்.

நம்பிக்கை: கூடங்குளம் அணு உலை பக்கத்தில் இருப்பதால்தான் வந்தது என்று சீட்டே சொல்லிவிடும்.
உண்மை: டி.எஸ்.எச். காரணம் சொல்லாது. 1986 செர்னோபில் விபத்துக்குப் பின் கதிர் அயோடின் குழந்தைகளிடம் உண்டாக்கியது தைராய்டு புற்றுநோய். அதைக் கண்டுபிடிக்க ஸ்கேனும் ஊசிப் பரிசோதனையும் வேண்டும். அயோடின் போதிய அளவு கிடைக்கும் ஊர்களில் சுரப்பி சோம்புவதற்கு முதல் காரணம், உடலின் எதிர்ப்புச் சக்தியே அதைத் தாக்கும் ஹஷிமோட்டோ நோய். அதற்கு ஆன்டி டி.பி.ஓ. என்ற தனிப் பரிசோதனை இருக்கிறது.

ஆகவே டாக்டரிடம் போகும்போது சீட்டின் பின்பக்கம் மூன்று வரி எழுதிக்கொண்டு போங்கள்: ரத்தம் கொடுத்த நேரம், அன்றைக்குப் போட்ட மாத்திரைகள், கர்ப்பம் உண்டா இல்லையா. கட்டஞ்சாயா குடித்ததை எழுத வேண்டாம்.