புரட்டாசிக் குழி, ஐப்பசிக் கன்று

ஆனியில் கிளம்பிய மேல்காற்று அடங்கிவிட்டது. கண்டமனூர், ஆண்டிபட்டிப் பக்கம் காற்றாலைகள் வரக் காரணமான அந்தக் காற்றுதான் ஆடியில் நட்ட ஒட்டுக்கன்றை ஒட்டுப் போட்ட இடத்திலேயே முறித்துப் போடுகிறது. ஆடிப்பட்டம் விதைப்புக்குச் சரி. கம்பம் பள்ளத்தாக்கில் வீட்டுப் பழமரக் கன்றுக்கு அது ஒத்துவராது. புரட்டாசியில் குழி எடுத்து ஐப்பசியில் நடுவதே நல்லது. வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20ஐ ஒட்டி இறங்கும். அதற்குள் கையில் இருப்பது மூன்று நான்கு வாரம். வீரபாண்டி, பழனிசெட்டிபட்டி, உப்பார்பட்டி, சின்னமனூர் வட்டாரத்தில் கொல்லையில் மரம் வைக்க நினைத்திருப்பவர்கள் இந்த வாரமே மண்வெட்டியை எடுக்க வேண்டும். மழை இறங்கிய பிறகு சேற்றில் வெட்டும் குழி கன்றுக்கு உதவாது.

முதலில் இடத்தைப் பாருங்கள். மூன்று சென்ட் மனையில் வீடு கட்டியது போகப் பின்பக்கம் மிஞ்சுவது பத்தடி அகலம், இருபத்தைந்து அடி நீளம் இருந்தால் அதிகம். அங்கே மாவும் பலாவும் சப்போட்டாவும் தென்னையும் என்று நாலு கன்று வைப்பதை மனதார எதிர்க்கிறேன். ஏழாவது வருடம் நாலும் ஒன்றின் நிழலில் ஒன்று நின்று, எதுவும் காய்க்காமல் இலை மட்டும் கொட்டும். அந்த அளவு இடத்துக்கு ஒரு கொய்யா, ஒரு எலுமிச்சை, குளியலறைத் தண்ணீர் போகும் மூலையில் இரண்டு வாழை போதும். ஆறேழு சென்ட் இருந்தால் ஒரு மாவோ ஒரு சப்போட்டாவோ சேர்க்கலாம். மாவைச் சுவரிலிருந்து குறைந்தது பன்னிரண்டு அடி தள்ளி வையுங்கள். பலாவுக்கு இருபதடி வேண்டும். செப்டிக் டேங்க் பக்கம் அதை வைக்கவே கூடாது. குழியின் இடத்தைக் குறித்ததும் தலையை உயர்த்தி மின்கம்பி போகிறதா என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

அடுத்தது மண். இதில்தான் பலருடைய கன்று போகிறது. முல்லைப் பெரியாற்றுப் பாசனத்தில் நெல் விளைந்த வயல் மனையான இடங்களில் மேலே இரண்டடி சரளையோ செம்மண்ணோ கொட்டியிருப்பார்கள். அதற்குக் கீழே வயலின் களிமண் அப்படியே கிடக்கும். மேலே பார்த்தால் நல்ல வடிகால் போலத் தெரியும். மூன்றடி வெட்டினால்தான் உண்மை வெளிப்படும். குழி எடுத்த அன்று மாலை இரண்டு மூன்று குடம் தண்ணீரை உள்ளே ஊற்றிவிட்டு மறுநாள் காலை பாருங்கள். வற்றியிருந்தால் தைரியமாக நடலாம். தேங்கி நின்றால் அந்தக் குழியில் கன்று வைக்க வேண்டாம். அதை மண்ணால் மூடி, அதன் மேலேயே ஒன்றரை அடி உயரத்துக்கு, நாலைந்து அடி அகலத்தில் மேடு கட்டி மேட்டின் உச்சியில் நடுங்கள். கொய்யா கொஞ்சம் ஈரத்தைத் தாங்கும். பலாவும் பப்பாளியும் தாங்காது. வேரடியில் இரண்டு நாள் தண்ணீர் நின்றால் பப்பாளி அழுகிச் சாய்ந்துவிடும்.

வீடு கட்டியபோது கொட்டிய சிமென்ட் கலவை, சுண்ணாம்பு, உடைந்த செங்கல் எல்லாம் பின்பக்கத்து மண்ணில் புதைந்திருக்கும். அந்த மண் காரத்தன்மை ஏறி, இரும்பும் துத்தநாகமும் இருந்தும் வேருக்குக் கிடைக்காமல் செய்துவிடும். நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் எலுமிச்சை இலை வெளுப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். எவ்வளவு உரம் போட்டாலும் மாறாது. குழியில் அப்படிப்பட்ட மண் வந்தால் வெளியே வீசிவிட்டு, கண்மாய்க் கரம்பையோ தோட்டத்து மேல்மண்ணோ ஒரு வண்டி வாங்குங்கள். வேறு எதில் சிக்கனம் பிடித்தாலும் இதில் பிடிக்காதீர்கள்.

மா, பலா, சப்போட்டாவுக்கு நீளம், அகலம், ஆழம் மூன்றும் மூன்றடி. எலுமிச்சைக்கு இரண்டரை. கொய்யா, சீத்தாவுக்கு ஒன்றரையிலிருந்து இரண்டடி. வெட்டும்போது மேல்மண்ணை ஒரு பக்கமும் அடிமண்ணை மறுபக்கமும் குவியுங்கள். பத்துப் பதினைந்து நாள் குழி வெயிலில் ஆறட்டும். பிறகு மேல்மண்ணோடு நன்றாக மக்கிய தொழுவுரம் பத்துக் கிலோ, வேப்பம் புண்ணாக்கு ஒரு கிலோ கலந்து, தரைக்கு அரையடி மேலே நிற்கும்படி மூடுங்கள். முதல் மழையில் அது தானாக இறங்கிச் சமமாகும். மக்காத சாணியைப் போட்டால் சூடு கிளம்பி வேரைக் கருக்கும், கரையானும் வரும். குழியைத் திறந்தபடி மழைக்கு விட்டுவிடாதீர்கள். ஐப்பசி, கார்த்திகை டெங்குக் கொசு பெருகும் காலம். தண்ணீர் நிற்கும் குழி உங்கள் வீட்டுக்கு மட்டுமல்ல, தெருவுக்கே ஆபத்து.

கன்று எங்கே வாங்குவது? நம் மாவட்டத்துக்காரர்களுக்கு இதில் ஒரு பெரிய வசதி இருக்கிறது. 1957இல் பழ ஆராய்ச்சி நிலையமாகத் தொடங்கி 1990இல் கல்லூரியான பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி, வீரபாண்டியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போகும் தூரம்தான். பி.கே.எம். என்ற மூன்றெழுத்தில் தொடங்கும் ரகங்கள் அங்கே பிறந்தவை. வீட்டுக் கொல்லைக்கு நான் முதலில் சொல்வது பி.கே.எம். 1 சப்போட்டாவை. குத்தி ரகத்திலிருந்து தேர்ந்தெடுத்த இது அதிகம் உயராது, படர்ந்து அடைக்காது. மாவில், சின்ன சுவர்ணரேகாவையும் நீலத்தையும் சேர்த்து எடுத்த பி.கே.எம். 1 கொத்தாகவும் வருடா வருடமும் காய்க்கும். நீலமும் வருடம் தவறாது. பெரியகுளம் தோப்புகளில் கல்லாமையும் காசாவும் செந்தூரமும் நன்றாக நடக்கின்றன என்பதற்காக அவை எல்லாம் ஆறு சென்ட் மனைக்கும் பொருந்தும் என்று எண்ண வேண்டாம். இமாம் பசந்தின் சுவைக்கு ஈடில்லை, ஆனால் அது வருடம் விட்டு வருடம் ஏமாற்றும். ஒரே மரம் வைக்கும் வீட்டில் அந்த ஏமாற்றம் பெரிது.

மா, சப்போட்டா, பலா மூன்றிலும் கொட்டை போட்டு முளைத்த கன்று வேண்டாம். தாய்மரத்தின் குணம் வராது, காய்க்கவும் வெகுகாலம் ஆகும். எலுமிச்சை இதற்கு விலக்கு. அதன் ஒரே விதையிலிருந்து பல முளை கிளம்பும். அவற்றில் பெரும்பாலானவை தாயைப் போலவே இருக்கும். கடையம் பக்கத்து எலுமிச்சையிலிருந்து தேர்ந்தெடுத்த பி.கே.எம். 1 கிடைத்தால் அதையே வையுங்கள். சின்னமனூர் பக்கம் இருப்பவர்களுக்குக் காமாட்சிபுரம் வேளாண் அறிவியல் மையம் அருகில் இருக்கிறது. மண்ணைப் பற்றிய ஐயம் இருந்தால் அங்கே கேட்கலாம்.

நாற்றங்காலில் பெரிய கன்றாகப் பார்த்து எடுப்பவர்கள் அதிகம். அது தவறான ஆசை. பையில் ஆறு மாதம், ஒரு வருடம் வளர்ந்து, பென்சில் கனத்தில் தண்டும் நாலைந்து இலையடுக்கும் உள்ள கன்றே மண்ணில் சீக்கிரம் பிடிக்கும். பையின் அடியைத் திருப்பிப் பாருங்கள். வேர் பையைக் கிழித்துத் தரையில் இறங்கியிருந்தால் பெயர்த்தபோதே அறுந்திருக்கும், விட்டுவிடுங்கள். ஒட்டுக்குக் கீழே வேறு கிளை துளிர்த்திருந்தால் அதைக் கிள்ளச் சொல்லுங்கள். சப்போட்டாவை உலக்கைப் பாலையின் மேல்தான் ஒட்டுகிறார்கள். கவனிக்காமல் விட்டால் மேலே சப்போட்டா பட்டு, கீழே பாலை மட்டும் தழைத்து நிற்கும்.

நடும் நாளில் வேலை அரை மணி நேரம்தான். மாலையில் நடுங்கள். பையைக் கத்தியால் நீளவாக்கில் கீறி, தாய்மண் உடையாமல் இறக்குங்கள். அடியில் சுருண்டு கிடக்கும் வேரை நறுக்கிவிடலாம். ஒட்டுப் போட்ட இடம் தரையிலிருந்து அரையடியாவது மேலே நிற்க வேண்டும். கன்று ஆடாமல் நிற்கட்டும் என்று ஆழமாகப் புதைத்துவிடுகிறார்கள். ஒட்டு மண்ணுக்குள் போனால் அழுகல் அங்கிருந்துதான் தொடங்கும். ஆடாமல் நிற்பதற்கு மேற்குப் பக்கம் ஒரு மூங்கில் கழியை ஊன்றி, எட்டுப் போட்டுத் தளர்வாகக் கட்டுங்கள். ஒட்டில் சுற்றிய பாலிதீன் நாடா இன்னும் இருந்தால், ஒட்டு நன்றாகக் கூடியதும் அறுத்துவிடுங்கள். மறந்தால் தண்டு பெருக்கும்போது அதுவே கழுத்தை இறுக்கும். மழைக்காலத்தில் தண்டைச் சுற்றிப் பள்ளமாகப் பாத்தி வேண்டாம். தண்டடியில் மண்ணை அணைத்துவிட்டு, தண்ணீர் வெளியே ஓட ஒரு வாய்க்கால் கீறுங்கள்.

ஏற்கெனவே காய்க்கும் மரம் வைத்திருப்பவர்களுக்கும் புரட்டாசியில் வேலை உண்டு. மாமரத்துக்கு வருடத்து எருவை இப்போது கொடுத்துவிட வேண்டும். தண்டடியில் கொட்டாமல், இரண்டு மூன்றடி தள்ளி, கிளை நுனி நிழல் விழும் வட்டம் வரை பரப்பி மண்ணில் கொத்திவிடுங்கள். நன்கு வளர்ந்த மரத்துக்கு ஐம்பது கிலோ தொழுவுரம் அதிகமில்லை. காய்ந்ததையும் ஒன்றோடொன்று உரசும் கிளைகளையும் கழித்துவிடலாம். தண்டில் மரத்தூள் கொட்டியிருந்தால் உள்ளே துளைப்பான் புழு இருக்கிறது. கம்பியை விட்டுக் குத்தி எடுங்கள். மழை நின்ற பிறகு, கார்த்திகையிலிருந்து பூவெடுக்கும் வரை, மாவுக்குத் தண்ணீர் ஊற்றவே வேண்டாம். வேர் சற்றுக் காய்ந்து கொழுந்து ஓய்ந்தால்தான் தையில் பூ வரும். தினமும் வாளி வாளியாக ஊற்றிவிட்டு, மரம் இலையாகவே தள்ளுகிறது, பூக்கவில்லை என்று வருந்தும் வீடுகள் நம் ஊரில் நிறைய.

கொய்யா புதுத் தளிரில்தான் பூக்கும். ஆகவே போன பருவத்துக் கிளை நுனிகளை அரைச் சாண் அளவு வெட்டிவிடப் புரட்டாசி, ஐப்பசி ஏற்ற காலம். மறுபடி மாசி, பங்குனியில் ஒரு முறை. மழைக்காலக் கொய்யாவில்தான் பழ ஈ அதிகம். காய் எலுமிச்சை அளவு ஆனதும் காகிதப் பையோ பழைய துணிப் பையோ கட்டுங்கள். கீழே விழுந்த பழத்தை அப்படியே விட்டால் உள்ளிருக்கும் புழு மண்ணில் இறங்கிக் கூட்டுப்புழுவாகி அடுத்த ஈயாக வெளிவரும். தினமும் பொறுக்கி ஆழமாகப் புதைத்துவிடுங்கள். எந்த மருந்தையும்விட இது பலன் தரும்.

எலுமிச்சைக்கு மழையில் சொறிநோய் வரும். சொறி விழுந்த குச்சிகளை மழைக்கு முன்பே நறுக்கி எரித்துவிட்டு, காப்பர் ஆக்ஸிகுளோரைடை லிட்டருக்கு 3 கிராம் கலந்து தெளியுங்கள். சிறு கன்றில் பறவை எச்சம் போல ஒட்டியிருப்பது எச்சமல்ல, இலையைத் தின்னும் வண்ணத்துப்பூச்சியின் புழு. கையால் எடுத்தால் போதும்.

பப்பாளி நட ஆசைப்படுபவர்கள் பொறுத்திருங்கள். கார்த்திகைக் கடைசியில் பையில் விதைத்து, மழை ஓய்ந்ததும் தையில் நடலாம். இலைக்கடியில் வெள்ளைப் பஞ்சு தெரிந்ததும் கடும் மருந்தைத் தேடி ஓடாதீர்கள். பப்பாளி மாவுப்பூச்சி 2008இல் முதன்முதலாகக் கோவையில் தென்பட்டு, மல்பெரி, மரவள்ளி வரைக்கும் பரவி வாட்டியது. அதை அடக்கியது 2010இல் புவர்ட்டோ ரிக்கோவிலிருந்து தருவித்து விட்ட ஒரு சிறு ஒட்டுண்ணிக் குளவி. கண்ணுக்கு எளிதில் தெரியாத அந்தக் குளவியைக் கடும் மருந்து கொன்றுவிடும், மாவுப்பூச்சி மறுபடி பெருகும். தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடியுங்கள், பிறகு வேப்பெண்ணெய்க் கரைசல் தெளியுங்கள்.

வாசலில் பன்னீர் திராட்சைப் பந்தல் போட நினைப்பவர்களும் இப்போது வேண்டாம். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற நம் கம்பம் திராட்சைதான் என்றாலும், வடகிழக்கு மழையில் இளங்கொடியை அடிச்சாம்பல் நோய் விடாது.

ஐப்பசியில் நட்ட கன்றுக்கு வீரபாண்டி கௌமாரியம்மன் சித்திரைத் திருவிழா வரும்போது வயது ஆறு மாதம்தான் ஆகியிருக்கும். மழையில் தழைத்ததைப் பார்த்து, பிழைத்துவிட்டது என்று இருந்துவிட வேண்டாம். பெரும்பாலான கன்றுகள் பங்குனி, சித்திரையில்தான் கருகுகின்றன. மாசி பிறந்ததும் பாத்தி கட்டி, செத்தையையோ தென்னை மட்டையையோ மூடாக்காகப் பரப்புங்கள். தண்டை ஒட்டாமல் ஒரு சாண் இடைவெளி இருக்கட்டும். மேற்கு வெயிலுக்குத் தென்னங்கீற்று மறைப்பு வையுங்கள். வாரம் இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் இரண்டு குடம், காலையில். ஒட்டு மா முதல் வருடமே பூக்கும். மூன்று வருடம் வரை அந்தப் பூவைக் கிள்ளி எறியுங்கள். மூன்றடி உயர்ந்ததும் நுனியைக் கிள்ளி, மூன்று திசையில் மூன்று கிளையை மட்டும் விடுங்கள். அப்படி வளர்த்த மரம் பன்னிரண்டு அடிக்குள் நிற்கும். வீட்டில் உள்ள பெரியவர்களும் தரையில் நின்றபடி தொரட்டியால் காய் பறிக்கலாம்.