பந்தயத் திடலில் ஒரு ராத்திரி (வண்டியிலே தூங்குவோர்க்கு ஒரு பாடம்)



மலருக்குக் கவிதை எழுத நம் கல்லூரியில் ஆள் பஞ்சமே இல்லை. "நீ ஆட்டோமொபைல்காரன், உனக்குத் தெரிஞ்சதை எழுதுப்பா" என்று மலர்க்குழுவில் சொல்லிவிட்டார்கள். எனக்குத் தெரிந்தது வண்டியிலே தூங்குவது. சிரிக்க வேண்டாம். அதற்கும் ஒரு படிப்பு இருக்கிறது. அது தெரியாமல் தூங்கிய சிலர் மறுநாள் எழுந்திருக்கவே இல்லை.

என் சொந்த ஊர் பேத்துப்பாறை. கொடைக்கானலுக்குக் கீழே, வில்பட்டி பக்கம். கேரட், பீன்ஸ், காபி, மலைவாழை என்று விளைகிற ஊர். சாயங்காலம் மூட்டை ஏற்றினால் ராத்திரி ஒட்டன்சத்திரம் மார்க்கெட். இறக்கி, எடை போட்டு, காசு வாங்குகிற வரைக்கும் ஓட்டுகிறவருக்கு வீடு வண்டிதான். என் சித்தப்பா இருபது வருஷமாக அப்படித்தான் தூங்குகிறார். பிக்கப் வண்டியின் பின்னால் தார்ப்பாய், ஒரு கோரைப்பாய், ஒரு கேன் தண்ணீர், ஒரு டார்ச். நாலு பக்கமும் காற்று. இந்தக் கடைசி விஷயத்தை மறக்காதீர்கள், பின்னால் வேண்டியிருக்கிறது.

அமெரிக்காவில் இதையே பெரிதாகச் செய்கிறார்கள். ஓஹையோ மாநிலத்தில் எல்டோரா என்று ஒரு களிமண் பந்தயத் தடம், 1954இல் தொடங்கியது. அயோவாவில் நாக்ஸ்வில் என்று இன்னொன்று. அங்கே 1961 முதல் ஆகஸ்டு மாதத்தில் பெரும் பந்தயம். சுற்று அரை மைல்தான். ஆனால் பார்க்க வருகிறவர்கள் படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ள வண்டியோடு வந்து, திடலைச் சுற்றி ஒரு ஊரையே உண்டாக்கி நாள்கணக்கில் தங்குகிறார்கள்.

நம்ம பக்கம்? சோழவரத்தில் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளத்தில் கார் பந்தயம் நடந்த காலத்தை அப்பாமார்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். பிறகு 1990இல் இருங்காட்டுக்கோட்டைத் தடம் வந்தது. இரண்டிலும் புழுதி கிடையாது. புழுதி வேண்டுமென்றால் பல்லடத்துக்குத் தெற்கே கேத்தனூர்ப் பக்கம் போக வேண்டும். அங்கே காற்றாலைகளுக்கு நடுவே மண் பாதையில் கார் ராலி ஓட்டியிருக்கிறார்கள். அதைவிடப் பழையது ரேக்ளா. மண்தடத்தில் 200 மீட்டர், 300 மீட்டர் என்று அளந்து, ஒவ்வொரு வண்டியாக விட்டு நேரம் குறிப்பார்கள். 2014இல் உச்ச நீதிமன்றம் தடை போட்டு, 2017இல் தமிழகச் சட்டத்தால் திரும்பி வந்து, 2023 மே 18 தீர்ப்பில் நிலைத்தது.

அந்த ராத்திரி

அத்தை வீடு பல்லடம் பக்கம். மாசி மாதம் ஒரு ரேக்ளாவுக்கு மச்சான் கூப்பிட்டான். பெருமாள்மலை வந்து, பழனி மலைப்பாதையில் இறங்கி, உடுமலை வழியாகப் போனோம். நாங்கள் ஐந்து பேர், ஆறாவது சித்தப்பா. ஊர்க்காரர் ஒருவரின் பழைய வேனில் பின் சீட்டைக் கழற்றிப் பலகை போட்டிருந்தோம். திடலில் முதல் நாள் ராத்திரியே மாடுகளை ஏற்றிய வண்டிகள் வந்து நிற்கும். மாட்டுக்காரர்கள் மாட்டுக்குப் பக்கத்திலேயே படுப்பார்கள். கொசு தாங்காமல் நாங்கள் கண்ணாடியை எல்லாம் ஏற்றிவிட்டுப் படுத்தோம்.

பத்தடி தள்ளி ஒரு பெரிய வேன். உள்ளே ஏசி. அதற்குக் கரண்ட் கொடுக்க வெளியே சின்ன பெட்ரோல் ஜெனரேட்டர். அதன் புகைக்குழாய் எங்கள் பின்கதவைப் பார்த்து இருந்தது. அந்தக் கதவின் ரப்பர் பீடிங் பாதி இல்லை. யாருக்கும் இது கண்ணில் படவில்லை. ஆட்டோமொபைல் படிக்கிற எனக்கும்தான்!

ராத்திரி ஒரு மணி இருக்கும். மச்சான் தலைவலி என்றான். புழுதி என்று சொல்லித் தூங்கச் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் இன்னொருவனுக்கு வாந்தி. பரோட்டா என்று நினைத்தோம். எனக்கும் நெற்றி விண் விண் என்று தெறித்தது. வெளியே படுத்திருந்த சித்தப்பா சத்தம் கேட்டு வந்தார்.

"டேய், எந்திரிங்கடா எல்லாரும்! ஒருத்தனுக்குத் தலை வலிச்சா அது அவன் வியாதி. மூணு பேருக்கு ஒண்ணா வலிச்சா அது வண்டியோட வியாதி."

கதவைத் திறந்து ஒவ்வொருவராக இழுத்தார். எனக்குக் கால் பின்னியது. அரை மணி நேரம் மண்ணில் உட்கார்ந்த பிறகுதான் தெளிந்தது. மறுநாள் பந்தயத்தில் எந்த மாடு ஜெயித்தது என்று கேட்டால் எனக்கு ஞாபகம் இல்லை.

உள்ளே வந்தது என்ன?

கார்பன் மோனாக்சைடு. எரிபொருள் சரியாக எரியாதபோது உண்டாகும் வாயு. நிறம் இல்லை, வாசனை இல்லை. இரத்தத்தில் ஆக்சிஜனைத் தூக்கிச் செல்லும் ஹீமோகுளோபினை, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் பலமாகப் பிடித்துக்கொள்ளும். ஆக, மூச்சு சரியாகத்தான் வரும், உடம்புக்குள் பிராணவாயு போகாது. முதலில் தலைவலி, குமட்டல், பிறகு தூக்கம். தூக்கம் வந்துவிட்டால் எழுந்து கதவைத் திறக்க வேண்டும் என்ற எண்ணமே வராது. "கீழே படுத்துக்கிட்டா தப்பிச்சுக்கலாம்" என்று சிலர் சொல்வது தப்பு. இந்த வாயுவும் காற்றும் கிட்டத்தட்ட ஒரே எடை, மேலே கீழே என்று பிரியாது. சமையல் வாயுதான் காற்றைவிடக் கனம், அது தரையில் தேங்கும்.

2024 டிசம்பர் 23 அன்று கேரளத்தில் வடகரை அருகே, சாலையோரம் நின்ற கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். கோழிக்கோடு என்.ஐ.டி. நிபுணர்கள் அதே வண்டியில் ஜெனரேட்டரை ஓட்டிச் சோதித்தபோது, தளத்தில் இருந்த ஓட்டை வழியாகப் புகை உள்ளே ஏறி, இரண்டு மணி நேரத்தில் பத்து லட்சம் பங்கு காற்றில் 957 பங்கு கார்பன் மோனாக்சைடு சேர்ந்தது. 400 பங்கிலேயே ஒன்றிரண்டு மணி நேரத்தில் தலைவலி வரும். 800ஐத் தாண்டினால் இரண்டு மூன்று மணி நேரத்தில் உயிர் போகலாம். இந்தச் செய்தியைப் படித்த அன்று மச்சானுக்குப் போன் செய்தேன். இரண்டு பேருமே ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை.

நம் மலையிலேயே 2024 ஆகஸ்டில், கொடைக்கானலில் ஒரு தங்கும் விடுதியில், கோழி சுட்ட கரி அடுப்பை அறைக்குள் வைத்துக்கொண்டு தூங்கிய இரண்டு இளைஞர்கள் இறந்தார்கள். குளிருக்கு இதமாக இருக்கிறது என்று கணகணப்பை மூடிய வண்டிக்குள் வைப்பதும் அதே கதைதான்.

ஜெனரேட்டர் எதற்கு?

இனி நம் கணக்கு. 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்று: பெருக்கினால் 1200 வாட்-மணி. ஈய-அமில பேட்டரியைப் பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் குறையும், அதனால் 600 என்று வைத்துக்கொள்வோம். 20 வாட் மின்விசிறி இரண்டு, 8 மணி நேரம்: 320. 5 வாட் எல்.இ.டி. விளக்கு இரண்டு, 4 மணி நேரம்: 40. ஆறு பேர் செல்போன், ஆளுக்கு 15: 90. மொத்தம் 450. இன்னும் 150 மிச்சம்! எல்லாமே 12 வோல்ட் சாமானாக வாங்கினால் இன்வெர்ட்டர் நஷ்டமும் இல்லை. இந்த பேட்டரி தனியாக இருக்கட்டும், வண்டி ஸ்டார்ட் செய்கிற பேட்டரியில் கை வைத்தால் காலையில் தள்ள வேண்டியதுதான். பேட்டரிக்கு மிக அருகில் ஒரு பியூஸ் கட்டாயம்.

அதே 600இல் ஏசி ஓட்டினால்? ஒரு டன் ஏசி சுமார் 1000 வாட் இழுக்கும். முக்கால் மணி நேரம்கூடத் தாங்காது. ஜெனரேட்டர் வருவது இந்த ஏசிக்காகத்தான். கண்ணாடியை இறக்கிக் கொசுவலையை வெல்க்ரோ வைத்து ஒட்டினால் ஏசியும் வேண்டாம், ஜெனரேட்டரும் வேண்டாம். அடுத்தவர் ஜெனரேட்டர் வைத்திருந்தால் குறைந்தது 20 அடி தள்ளி, புகைக்குழாய் எந்த வண்டியையும் பார்க்காதபடி வைக்கச் சொல்லிக் கேளுங்கள். சண்டை வந்தால் நம் வண்டியை நகர்த்திக்கொள்வதே மேல். பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு அலாரமும் விற்கிறது. ஒன்று வாங்கித் தலைமாட்டில் வையுங்கள். யாராவது மயங்கினால் முதலில் வெளியே, பிறகு 108. "கொஞ்சம் படுத்தா சரியாயிடும்" என்று மட்டும் விடாதீர்கள்.

மற்றவை சுருக்கமாக. புழுதிக்குக் காற்றுக்கு எதிர்ப்பக்கம் நில்லுங்கள்: பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடியில் மேற்கிலிருந்து வீசும், அப்போது திடலுக்கு மேற்கே. தை, மாசியில் கிழக்கே. தண்ணீர் லிட்டருக்கு ஒரு கிலோ. 100 லிட்டர் டிரம்மை மலையிலேயே நிரப்பி இறங்குவானேன்? கீழே வந்து நிரப்புங்கள். இறக்கத்தில் இரண்டாம் கியர். பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் சூடேறிப் பிடிப்பு போய்விடும். பலகையைக் கழற்றி மாட்டும்படி வையுங்கள், வெல்டு வைக்காதீர்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு, பதிவில் உள்ளதை விருப்பம்போல மாற்ற விடாது.

இதைப் படித்துவிட்டு யாராவது வண்டியோடு எங்கள் ஊருக்குக் கிளம்பினால் ஒரு வார்த்தை. கொடைக்கானலுக்கு வெளியூர் வண்டிகளுக்கு 2024 மே 7இல் இ-பாஸ் முறை வந்தது. 12 மீட்டருக்கு மேல் நீளமான வண்டிகளுக்கு அதே வருடம் நவம்பரில் தடை. பேத்துப்பாறை, அஞ்சுவீடு பக்கம் காட்டு யானை நடமாட்டம் உண்டு. வாழைக்குலையை வண்டியில் தொங்கவிட்டு ஓடையோரம் படுத்தால் யாருக்காகப் படுத்தீர்கள் என்று சொல்ல முடியாது. எங்கள் வீட்டு வாசலில் இரண்டு வண்டி நிற்க இடம் இருக்கிறது. தாராளமாக வந்து நிறுத்திக்கொள்ளுங்கள். ஜெனரேட்டர் மட்டும் கொண்டுவர வேண்டாம், சித்தப்பா விடமாட்டார்.

- மூன்றாமாண்டு, ஆட்டோமொபைல் பிரிவு