அங்குலக் குழாயும் மில்லிமீட்டர் மரையும்

எடைகள், அளவைகள் தரச் சட்டம் 1956இல் நிறைவேறியது. 1958 அக்டோபர் முதல் மெட்ரிக் முறை படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. தராசில் சேர் போய்க் கிலோ வந்தது சில ஆண்டுகளில் முடிந்த காரியம். ஆனால் அதற்கு முன் எழுந்த அலுவலகங்கள், மருத்துவமனைகள், ரயில்வே பட்டறைகள் ஆகியவற்றின் சுவர்களுக்குள் பதிந்த எஃகு மின்குழாய்களைச் சட்டம் எட்டவில்லை. பழுதுபார்ப்பு வரும்போது அந்தக் குழாயின் அங்குல மரையும் கடையில் கிடைக்கும் மில்லிமீட்டர் மரையும் எதிரெதிரே நிற்கின்றன.

இரு முறைகளிலும் குழாயின் அளவு என்பது வெளிவிட்டமே. எனவே முக்கால் அங்குலத்துக்கு 20 மி.மீ., ஓர் அங்குலத்துக்கு 25 மி.மீ. என்று பண்டகசாலைப் பதிவேட்டில் எளிதாக எழுதிவிடுகிறார்கள். தவறு அங்கேதான் பிறக்கிறது. முக்கால் அங்குலம் என்பது 19.05 மி.மீ.; ஓர் அங்குலம் 25.4 மி.மீ. ஒன்றில் பழைய குழாய் மெலிந்தது, மற்றதில் தடித்தது. மரைகளும் ஒத்தவை அல்ல. இவ்விரு பழைய அளவுகளிலும் அங்குலத்துக்கு 16 மரைகள். அதாவது மரைக்கு மரை 1.5875 மி.மீ. புதியதில் 1.5 மி.மீ. ஒரு மரையில் கண்ணுக்குத் தெரியாத இவ்வேறுபாடு எட்டு மரைகளில் 0.7 மி.மீ. ஆகிவிடுகிறது.

ஓர் அங்குலக் குழாய் 25 மி.மீ. சாக்கெட்டினுள் நுழைய மறுக்கும். ஸ்பானரால் வலிந்து திருகினால் மரை சிதையும். இது தொழிலாளிக்கு உடனே தெரிந்துவிடும் குறையாதலால் ஆபத்து குறைவு. முக்கால் அங்குலக் குழாயோ 20 மி.மீ. சாக்கெட்டினுள் வம்பின்றி ஏறுகிறது. சாக்கெட்டின் மரைமுகட்டு உள்விட்டம் ஏறத்தாழ 18.4 மி.மீ.; குழாயின் வெளிவிட்டம் 19.05. ஒவ்வொரு பக்கமும் மூன்றில் ஒரு மில்லிமீட்டர் அளவே மரைகள் ஒன்றையொன்று தொடுகின்றன. பூச்சு அடித்துவிட்டால் மேற்பார்வையாளரின் கண்ணுக்கு அது நல்ல இணைப்பாகவே தோன்றும்.

தளர்ந்த இணைப்பால் என்ன கெடும்? கம்பி தடையின்றி ஓடும், விளக்கும் எரியும். ஆனால் பழைய அமைப்புகள் சிலவற்றில் குழாயே நிலத்தொடர்புப் பாதையாகவும் இருக்கிறது. அத்தகைய பாதையில் துருவேறிய ஓர் இணைப்பின் மின்தடை 23 ஓம் என்று கொள்வோம். காப்பு உரிந்த 230 வோல்ட் கம்பி குழாயைத் தொட்டால் ஓடும் மின்னோட்டம் 10 ஆம்பியர்தான். 15 ஆம்பியர் ஃபியூஸ் உருகாது. இணைப்புக்கு அப்பாலுள்ள குழாயும் சுவிட்சுப் பெட்டியும் ஏறக்குறைய முழு மின்னழுத்தத்தில் நிற்கும், தொடுபவர் அறியமாட்டார். அந்த இணைப்பிலேயோ 2,300 வாட் வெப்பம் பிறக்கும். அருகில் மரச்சட்டம் இருந்தால் தீயும் பற்றலாம்.

சரியான வழிகள் உண்டு. நம்பகமானது, இடையில் மரையில்லாத துளைகள் கொண்ட இரும்புப் பெட்டி ஒன்றை வைப்பது. பழைய குழாய் அங்குலச் சாக்கெட்டுடனும் அங்குலப் புஷ்ஷுடனும் ஒரு பக்கத்தில் இறுகும். புதிய குழாய் தன் அளவுப் பொருத்துகளுடன் மறுபக்கத்தில் இறுகும். மரைகள் ஒன்றையொன்று சந்திப்பதே இல்லை. துளையைச் சுற்றிப் பூச்சைச் சுரண்டி உலோகத்தை வெளிக்கொணர வேண்டும்; இரு குழாய்களையும் கிளாம்பு பூட்டிச் செம்புக் கம்பியால் பிணைக்கவும் வேண்டும். பெட்டிக்கு இடமில்லையெனில் ஒரு முனை அங்குல மரையும் மறுமுனை மில்லிமீட்டர் மரையுமாக லேத்தில் கடைந்த சாக்கெட் பயன்படும்.

குழாயிலேயே புது மரை வெட்டலாமா என்பது அடிக்கடி எழும் கேள்வி. ஓர் அங்குலக் குழாயில் பழைய மரைப்பகுதியை அறுத்தெறிந்துவிட்டு 25 மி.மீ. டையால் வெட்டலாம். முக்கால் அங்குலத்தில் கூடாது, 20 மி.மீ. டை 19.05 மி.மீ. குழாயில் கீறலுக்கு மேல் எதுவும் செய்யாது. பழைய மரையின்மீதே புது மரை வெட்டுவது எந்த அளவிலும் தவறு. அறுப்பதற்கு முன் மின்னோட்டத்தைத் துண்டித்துக் கம்பிகளை வெளியே இழுத்துவிட வேண்டும். அக்காலத்து ரப்பர் காப்புக் கம்பிகள் பொடியாக உதிர்வதுண்டு. அவை மீண்டும் உள்ளே செல்லத் தகுதியற்றவை. அறுத்த முனையின் பிசிறை அரத்தால் நீக்காவிடில் புதிய கம்பியின் காப்பும் கிழியும்.

வேலை முடிந்தபின் மெகர் கருவியால் காப்பைச் சோதிப்பதோடு பல பொறியாளர்கள் நின்றுவிடுகிறார்கள். மெகர் கம்பியின் காப்பைச் சொல்லும். குழாய் இணைப்பின் தரத்தைச் சொல்லாது. அதற்குக் குறைந்த மின்தடை அளக்கும் கருவியைப் புதிய இணைப்பின் இருபுறமும் வைத்துப் பார்ப்பதோடு, இணைப்பைக் கையால் அசைத்தபடியும் அளக்க வேண்டும். அசைவில் அளவு மாறினால் அந்த இணைப்பைக் கழற்றிவிடலாம்.

தேவைப்பட்டியல் எழுதும் அலுவலர் வாய்பாட்டைப் பார்த்து அளவை மாற்றாமல், குழாயின் வெளிவிட்டத்தை வெர்னியர் காலிப்பரால் அளந்து அப்படியே குறிப்பிடுவது நல்லது. எட்டு மரைகளின் நீளம் 12.7 மி.மீ. எனில் அது மேற்சொன்ன அங்குல மரை. 12 எனில் மெட்ரிக். இடிக்கப்படும் கட்டடங்களிலிருந்து கழலும் அங்குலச் சாக்கெட்டுகளும் புஷ்களும் இப்போது பழைய இரும்போடு ஏலத்துக்குப் போகின்றன. சிதையாதவற்றைப் பிரித்து, அளவுச் சீட்டுக் கட்டிப் பண்டகசாலையில் வைத்தால் அடுத்த பழுதுபார்ப்புக்கு அவையே போதும்.