மறுமொழியும் நீதியும்: ஓர் ஆங்கிலச் சட்டத்தொடரின் வரலாறு

முன்னுரை

சொல்லின் வரலாறு மக்களின் வரலாறே ஆகும். வழக்கிழந்த ஒரு சொல்லை எடுத்து ஆராயின், அதனைப் பேசிய மாந்தரின் அச்சமும் நம்பிக்கையும் உடன் எழுந்து வருவதைக் காணலாம். இடைக்கால இங்கிலாந்தின் நகர வழக்குமன்றங்களில் பிரதிவாதி கூறிய 'துவர்ட்டுட்நே' என்னும் தொடர் அத்தகையது. தம்மீது கூறப்பட்டதை மறுத்துரைக்கும் உரிமை எவ்வாறு வளர்ந்தது என்பதை இத்தொடரின் வழி நின்று காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொல்லமைப்பு

துவர்ட், உட், நே என்னும் மூன்று உறுப்புகளால் ஆனது இத்தொடர். 'துவர்ட்' என்பது 'குறுக்கே' எனப் பொருள்படும் ஸ்காண்டிநேவியச் சொல்லின் வழிவந்தது. 'உட்' என்பது 'வெளியே' என்பதாம். இவ்விரண்டும் இணைந்து 'முற்றாக' என்னும் பொருள் தரும். 'நே' என்பது 'இல்லை' என்னும் மறுப்பு. அதுவும் ஸ்காண்டிநேவியச் சொல்லே. ஆகவே 'அடியோடு இல்லை' என்பதே தொடரின் பொருளாகும்.

ஒன்பதாம் நூற்றாண்டில் டேனியர் இங்கிலாந்தின் கிழக்கிலும் வடக்கிலும் குடியேறி ஆண்டனர். சட்டத்தைக் குறிக்கும் 'லா' என்னும் ஆங்கிலச் சொல்லும் அவர்தம் மொழியிலிருந்து வந்ததே. 1066-இல் நார்மானியர் ஆட்சி ஏற்பட்டபின் அரச மன்றங்களில் பிரெஞ்சு மொழி நாளடைவில் வாதமொழி ஆயிற்று. எனினும் நகர மன்றங்களில் பழைய சொற்கள் வாழ்ந்தன. நம் நீதிமன்றங்களில் தாவா, வக்கீல், ஆஜர், ஜப்தி முதலிய அரபுவழிச் சொற்கள் வழங்கிவருவதை இங்கு ஒப்பு நோக்கலாம். ஆட்சி மாறினும் மன்றத்துச் சொற்கள் எளிதில் மாறுவதில்லை.

சொல்லுக்குச் சொல் மறுப்பு

பழைய ஆங்கில நடைமுறையில் வழக்கு என்பது வாய்மொழியால் நடைபெற்றது. வாதி வகுத்த முறைப்படி முறையீட்டைக் கூறுவார். பிரதிவாதி அதனைச் சொல்லுக்குச் சொல் மறுக்க வேண்டும். பின்னர் அம்மறுப்பு உண்மையென ஆணையிட்டுக் கூறவேண்டும். பெரும்பாலும் பதினொருவர் அவருடன் நின்று, அவருடைய ஆணை தூயது என்று தாமும் ஆணையிடுவர். இவ்வாணை முறை சட்டத்தால் முற்றிலும் நீக்கப்பட்டது 1833-இல்தான்.

இம்முறையில் உண்மையைவிடச் சொல்வடிவே முதன்மை பெற்றது. நாத்தடுமாறி ஒரு சொல் பிறழ்ந்தால் வழக்கே தோற்றுப்போகக்கூடும். கல்லாத உழவனும் அஞ்சி நடுங்கும் கைம்பெண்ணும் இம்மன்றத்தில் எந்நிலையில் நின்றிருப்பர் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இவ்விடர்ப்பாட்டிலிருந்தே வழக்குரைஞர் தொழிலும் கிளைத்தது எனலாம். பிறர் ஒருவர் தம் சார்பில் பேசினால், அவர் சொல்லில் பிழை நேரும்போது 'அஃது என் சொல்லன்று' என்று தலைவர் விலக்கிக்கொள்ள இயலும். தம் வாயால் கூறியதை அவ்வாறு விலக்க இயலாது.

லெஸ்டர் நகரில்

டேனியர் ஆண்ட ஐந்து கோட்டை நகரங்களுள் லெஸ்டரும் ஒன்று. அந்நகர மன்றத்தில், வாதி பேசி முடித்தவுடனே பிரதிவாதி 'துவர்ட்டுட்நே' என்று சொல்லியாக வேண்டும். சொல்லத் தவறின், அவர் மறுமொழி இல்லாதவராகவே கருதப்பட்டார். சொல்லுக்குச் சொல் மறுக்கும் சுமையை ஒரே தொடர் குறைத்தது உண்மைதான். ஆயினும் அத்தொடரே பின்னர்ப் பொறியாக மாறிற்று. 1277-இல் அந்நகர மன்ற நடைமுறைகள் திருத்தப்பட்டபோது இவ்வழக்கமும் குறையாகச் சுட்டப்பெற்றது. எளிமைக்காகத் தோன்றிய ஒன்று பழக்கத்தால் இறுகிக் கொடுமையாகும் என்பதற்கு இஃது ஒரு சான்று.

அரச மன்றத்தில்

அரச மன்றங்களில் இம்மறுப்பைக் குறிக்க 'டிஃபெண்ட்' என்னும் பிரெஞ்சுவழிச் சொல் வழங்கிற்று. இன்று 'காத்தல்' என்று நாம் பொருள்கொள்ளும் இச்சொல், சட்டத்தில் 'மறுத்தல்' என்றே பொருள்பட்டது. பிளாக்ஸ்டோன் என்னும் சட்ட அறிஞர் 1768-இல் வெளியிட்ட தம் உரைநூலின் மூன்றாம் தொகுதியில் இதனைத் தெளிவுபடுத்தியுள்ளார். பிரதிவாதி 'வந்து, வன்முறையையும் தீங்கையும் மறுக்கிறார்' என்பதே அக்கால எதிருரையின் தொடக்க வாய்பாடு.

அதில் அரைமறுப்பு, முழுமறுப்பு என இருவகை இருந்தன. முழுமறுப்புக் கூறியவர், அம்மன்றத்தின் அதிகாரத்தையும் வாதியின் வழக்கிடும் தகுதியையும் ஏற்றுக்கொண்டவர் ஆவார். அவற்றை மறுக்க விரும்புவோர் அரைமறுப்போடு நிற்றல் வேண்டும். ஒரு தொடரை நீட்டுவதாலும் குறைப்பதாலும் உரிமை கூடிக் குறைந்தது என்பது வியப்பிற்குரியது. 1852-ஆம் ஆண்டுச் சட்டம் இத்தகைய வாய்பாட்டு மறுப்பு தேவையில்லை என்று ஆக்கியது.

நம் நாட்டுச் சட்டத்தில்

ஆங்கிலேயர் ஆட்சியில் இயற்றப்பெற்று இன்றும் நடைமுறையில் உள்ள 1908-ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் எட்டாம் கட்டளை எதிருரையைப் பற்றியது. பொதுவாக 'யாவும் பொய்' என்று மறுத்தல் போதாது என்கிறது அதன் மூன்றாம் விதி. ஒவ்வொரு செய்தியையும் குறிப்பிட்டு மறுத்தல் வேண்டும். மறுக்கப்படாதது ஒப்புக்கொள்ளப்பட்டதாகவே கொள்ளப்படும் என்கிறது ஐந்தாம் விதி. எனினும் மெய்ப்பிக்குமாறு கேட்கும் அதிகாரம் நீதிமன்றத்திற்கு உண்டு.

சொல்லுக்குச் சொல் மறுப்பு ஒரு சொல் மறுப்பாகி, மீண்டும் செய்திக்குச் செய்தி மறுப்பாக வந்து நிற்பது போலத் தோன்றும். ஆயின் வேறுபாடு பெரிது. பண்டு காக்கப்பட்டது சொல்வடிவு. இன்று நாடப்படுவது பொருள். பண்டு லெஸ்டரில் பிரதிவாதிக்குக் கிடைத்தது ஒரு மூச்சுப் பொழுது. இன்றைய விதிப்படி அழைப்பாணை பெற்ற நாளிலிருந்து 30 நாட்களுக்குள் எழுத்தில் எதிருரை தரலாம். தக்க காரணம் இருப்பின் நீதிமன்றம் 90 நாட்கள் வரை இசைவளிக்கலாம்.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால், மறுமொழி கூற இடமும் காலமும் அளிப்பதே நீதியின் முதற்படி என்பது பெறப்படும். எழுநூறு ஆண்டுகளுக்கு மேலான இவ்வளர்ச்சி மன்றத்திற்கு மட்டும் உரியதன்று. வகுப்பறையில் ஆசிரியரும், ஊர்ச்சபையில் பெரியோரும், இல்லத்தில் பெற்றோரும் நாள்தோறும் தீர்ப்புக் கூறிக்கொண்டே இருக்கிறோம். எதிரில் நிற்பவர் உடனே வாய்திறவாமையைக் குற்றத்தின் ஒப்புதலாகக் கொள்ளும் பழைய லெஸ்டர் வழக்கம் நம்மிடமும் உண்டு. சொல்வன்மை இல்லாதவரிடமும் உண்மை இருக்கலாம். அதனைக் கேட்கச் சற்றே பொறுத்திருத்தல் கற்றோர் கடனாகும்.