வெண்தேநீர்: பெயரும் பயனும்

சேத்தியாத்தோப்புக் கடைத்தெருவில் 'வெள்ளைத் தேநீர்' என்று கேட்போமாயின், பால் மிகுந்த குவளையே நம் கைக்கு வரும். வெண்தேநீர் அதுவன்று. விரியாத தேயிலைக் குருத்தின்மேல் படர்ந்துள்ள வெண்ணிறத் துய்யே அப்பெயருக்குக் காரணமாம்.

இதன் பிறப்பிடம் சீனத்தின் ஃபூஜியன் மாநிலம். இலங்கையில் 1867ஆம் ஆண்டு ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலைத் தோட்டம் தொடங்கினார். அத்தொழிலைத் தம் உழைப்பால் வளர்த்தோர் தமிழகத்திலிருந்து சென்ற தொழிலாளரே. இன்று அங்கும், நம் நீலகிரியிலும் வெண்தேயிலை உருவாகின்றது.

கறுப்புத் தேயிலைக்கு இலையை முறுக்கிக் காற்றில் கறுக்க விடுவர். வெண்தேயிலைக்கோ குருத்தை வாட்டி உலர்த்துதலே போதும். கொதியடங்கிய நீரில் சில நிமிடம் ஊறவிட்டால் வெளிர்மஞ்சள் சாறு இறங்கும். மெல்லிய இனிப்பும் மலர்மணமும் அதன் இயல்பு. பால் சேர்ப்பின் அவை மறைந்துவிடும்.

இதிலுள்ள பாலிபீனால்கள் உடலுக்கு நலம் தரவல்லன என்பர். ஆயினும் இது நோய் தீர்க்கும் மருந்தென்று மெய்ப்பிக்கப்படவில்லை. காஃபீனும் இதில் உண்டு. உணவோடு பருகின் இரும்புச்சத்தை உடல் ஏற்பது குறையும். சோகையுடைய மாணவியர் இதனை நினைவிற்கொள்க.

மலையகத்தார் தேயிலைத் தளிரைக் 'கொழுந்து' என்றே வழங்குவர். ஒரு கிலோ வெண்தேயிலைக்குப் பல்லாயிரம் குருத்துகள் விரல்நுனியால் கொய்யப்படல் வேண்டும். மருந்தென மயங்கி மிகுவிலை கொடுப்பதினும், அவ்விரல்களின் உழைப்பை அறிந்து சுவைப்பதே நமக்கு அழகு.