வந்து போகும் கரண்ட்: பழைய காரின் கோளாறைப் பிடிப்பது எப்படி?

தொழில் அறிவுப் பாடம்

மொரிஸ் மைனர் கார் 1948 ஆம் ஆண்டு இங்கிலாந்தில் வெளிவந்தது. 1970களின் தொடக்கத்தோடு அங்கே அதன் தயாரிப்பு நின்றுவிட்டது. ஆனாலும் நம் நாட்டில் அந்தக் கார்கள் இன்னும் ஓடுகின்றன. அவற்றின் எஞ்சினைக் கழற்றிப் பூட்டத் தெரிந்த பாஸ்மார் பலர் உண்டு. ஆனால் கரண்ட் கோளாறு என்றால் அவர்களும் கொஞ்சம் யோசிப்பார்கள். அதிலும் வந்து வந்து போகிற கோளாறு என்றால் கேட்கவே வேண்டாம். “கராஜுக்குப் போனா எரியுது, ரோட்டுக்கு வந்தா அணையுது” என்று சாரதிமார் சலித்துக்கொள்வதை நாம் கேட்டிருக்கிறோம்.

இதைச் சின்னத் தொல்லை என்று விட்டுவிட முடியாது. பிரசவ வலியில் துடிக்கும் ஒரு தாயை இரவு நேரத்தில் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போகும்போது, பனி மூடிய வளைவில் லைட் அணைந்தால் என்ன ஆகும்? ஆகவே வாகன வேலை பழகும் நம் பிள்ளைகளும், கார் வைத்திருப்பவர்களும் இந்தப் பாடத்தைக் கவனமாகப் படிக்க வேண்டும்.

ஏன் வந்து போகிறது?

வீட்டு டோர்ச் லைட் சில நேரம் எரியாது. கையால் இரண்டு தட்டுத் தட்டினால் எரியும். பல்பும் நல்லது, பற்றரியும் நல்லதுதான். உள்ளே தகடு சரியாகத் தொடவில்லை, அவ்வளவுதான். காரிலும் இதே கதைதான்.

கரண்ட் பற்றரியில் இருந்து சுவிட்ச் வழியாகப் பல்புக்குப் போகிறது. திரும்பி வர அதற்குத் தனி வயர் கிடையாது. காரின் இரும்பு பாடி வழியாகவே திரும்புகிறது. இதைத்தான் எர்த் என்கிறோம். போகிற வழியில் எத்தனை மூட்டு இருக்கிறதோ, அத்தனை இடத்திலும் துரு, பச்சைக் களிம்பு, தளர்வு வரலாம். திரும்பி வரும் வழிக்கும் இது பொருந்தும். பலர் போகிற வழியை மட்டும் பார்த்துவிட்டு, வருகிற வழியை மறந்துவிடுகிறார்கள்.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். 50 வொட் பல்புகள் இரண்டு எரிந்தால் மொத்தம் 100 வொட். 12 வோல்ட்டால் வகுத்தால் சுமார் 8 அம்பியர். களிம்பு பிடித்த ஒரு மூட்டில் 0.2 ஓம் தடை இருந்தால், அங்கேயே 1.6 வோல்ட் வீணாகிறது. லைட் மங்குகிறது. வீணான சக்தி அந்த மூட்டைச் சூடாக்குகிறது. சூட்டில் மூட்டு இன்னும் தளர்கிறது. இன்று மங்கிய லைட் நாளை அணையும்.

முதலில் நோட்டுப் புத்தகம்

ஸ்பேனரை எடுக்க முன் பேனாவை எடுங்கள். கோளாறு எப்போது வந்தது என்று எழுதுங்கள்.

மழையிலா? அப்படியென்றால் தண்ணீர் படும் இடத்தைத் தேட வேண்டும். எஞ்சின் சூடான பிறகா? கொயில், கண்டென்சர் பக்கம் பார்க்க வேண்டும். குழியில் விழுந்தபோதா, ஸ்டியரிங்கைத் திருப்பியபோதா? வயர் இழுபடும் இடம், தளர்ந்த மூட்டு.

அதோடு வேறு என்ன சேர்ந்து நின்றது என்பதையும் எழுதுங்கள். பல சாமான்கள் ஒரே நேரத்தில் நின்றால், அவை எல்லாவற்றுக்கும் பொதுவான இடத்தில்தான் கோளாறு. மொரிஸ் மைனரின் பியூஸ் பெட்டியில் இரண்டு பியூஸ்தான் வேலை செய்யும். ஒன்று ஹோனுக்கு. மற்றது வைப்பர், பிரேக் லைட், பெற்றோல் மீட்டர் போன்றவற்றுக்கு. முன் லைட்டுக்கும் எஞ்சின் பற்றவைப்புக்கும் பியூஸ் கிடையாது.

வயரின் நிறமும் வழி சொல்லும். மண்ணிறம் பற்றரியில் இருந்து நேரே வருவது. வெள்ளை சாவி போட்டால் உயிர் பெறுவது. பச்சை அதே கரண்ட் பியூஸ் தாண்டி வருவது. கறுப்பு எர்த். ஆனால் பல கை மாறிய வண்டியில் நிறத்தை மட்டும் நம்பிவிடாதீர்கள்.

சோதனை லைட்

12 வோல்ட் சிறிய பல்பு ஒன்று, இரண்டு நீள வயர், ஒரு கிளிப், ஒரு கூர்முனை. இவ்வளவு போதும். கிளிப்பைப் பெயின்ட் இல்லாத சுத்தமான இரும்பில் மாட்டுங்கள். சாவியையும் சுவிட்சையும் போட்டு, பற்றரியில் தொடங்கி ஒவ்வொரு மூட்டாகக் கூர்முனையால் தொட்டுக்கொண்டே போங்கள். எரிந்த கடைசி இடத்துக்கும் எரியாத முதல் இடத்துக்கும் நடுவில்தான் கோளாறு.

எல்லா இடமும் எரிந்தால் விட்டுவிடாதீர்கள். ஒருவர் பல்பைப் பார்த்துக்கொண்டிருக்க, மற்றவர் வயரை மெதுவாக ஆட்டட்டும். எந்த இடத்தை ஆட்டும்போது கண் சிமிட்டுகிறதோ, அந்த இடம்தான் கள்ளன்.

எர்த்தைச் சோதிக்க வேறு முறை. லைட்டைப் போட்டுவிட்டு, பல்பு பூட்டிய கிண்ணத்தின் இரும்பில் இருந்து பற்றரியின் எர்த் முனைக்கு ஒரு தடித்த வயரைப் பிடியுங்கள். வெளிச்சம் கூடினால் எர்த் கெட்டிருக்கிறது. மீட்டர் உள்ளவர்கள் அந்த வயருக்குப் பதிலாக அதே இரு இடங்களில் மீட்டரை வைக்கலாம். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் சுத்தம் செய்ய வேண்டும்.

அடிக்கடி பிடிபடும் இடங்கள்

1. பற்றரி முனைகள். வெள்ளை, பச்சைப் பொடி பூத்திருந்தால் வயரைக் கழற்றி, அப்பச்சோடா கலந்த சுடுதண்ணீரால் கழுவுங்கள். பற்றரியின் உள்ளே அந்தத் தண்ணீர் போகக்கூடாது. பூட்டியபின் வாஸ்லின் பூசுங்கள்.

2. எஞ்சின் எர்த் பட்டி. எஞ்சின் ரப்பர் மேல் உட்கார்ந்திருப்பதால், பாடிக்கு ஒரு பின்னல் பட்டி வேண்டும். அது அறுந்தால் ஸ்டார்ட்டரின் கரண்ட் சோக் கேபிள் வழியாகப் பாயும். ஸ்டார்ட் பண்ணும்போது சோக் கேபிள் சுட்டால் இதுதான் காரணம்.

3. குண்டு மூட்டுகள். வயர் முனையில் உள்ள குண்டு, குழாய்க்குள் செருகியிருக்கும். வெளியே நன்றாகத் தெரியும், உள்ளே களிம்பு. இழுத்து எடுத்துச் சுத்தம் செய்யுங்கள்.

4. பின் லைட். பிரேக்கை மிதித்தால் வேறு ஒரு பல்பும் மங்கலாக எரிகிறதா? எர்த் இல்லாமல் கரண்ட் வேறு வழி தேடுகிறது.

5. காலால் மிதிக்கும் டிப் சுவிட்ச். செருப்புச் சேறும் மழைத்தண்ணீரும் அங்கேதான் சேரும்.

6. ஓடும்போது எஞ்சின் நின்றால், சாவியைப் போட்டு பெற்றோல் பம்பைக் கேளுங்கள். டிக் டிக் சத்தம் இல்லாமல், மெதுவாகத் தட்டியதும் வந்தால் அதன் பொயின்ட் தேய்ந்திருக்கிறது. பம்ப் நல்லதென்றால் டிஸ்ட்ரிபியூட்டரைத் திறந்து, உள்ளே ஆடிக்கொண்டிருக்கும் சின்ன வயரைப் பாருங்கள். உறை முழுசாக இருக்கும், உள்ளே செப்பு இழை அறுந்திருக்கும்.

செய்யக்கூடாதவை

சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைப் பியூஸில் சுற்றாதீர்கள். பியூஸ் எரியாவிட்டால் வயர் எரியும், பிறகு வண்டியே எரியும். பழைய லூக்கஸ் பியூஸில் 35 என்று இருந்தால், 35 அம்பியரில் அது உருகிவிடும் என்று பொருள். தொடர்ந்து தாங்குவது 17 தான். புது ரக 35 பியூஸை அதற்குப் பதிலாகப் போடக்கூடாது.

மூட்டுகளைக் கழற்ற முன் பற்றரியின் எர்த் வயரை முதலில் கழற்றுங்கள். பூட்டும்போது அதைக் கடைசியாகப் பூட்டுங்கள். மொரிஸ் மைனரில் பெரும்பாலும் பிளஸ் முனைதான் எர்த். இந்தக் கால வண்டிகளில் மைனஸ். ரேடியோ, போன் சார்ஜர் பூட்ட முன் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள். இருட்டில் பார்க்க நெருப்புக்குச்சி கிழிக்கவே வேண்டாம்.

சோதிக்காமல் டைனமோ, பற்றரி, கொயில் என்று ஒவ்வொன்றாக மாற்றுவதும் வீண் செலவு. ஆயிரக்கணக்கில் காசு போகும், கோளாறு அப்படியே இருக்கும்.

திருத்தியபின் அதே வயரை மறுபடி ஆட்டிப் பாருங்கள். அதே ரோட்டில், அதே மாதிரி மழையில் ஓட்டிப் பாருங்கள். தானாக வந்த கோளாறு தானாகப் போய்விட்டதென்றால் அது குணமாகவில்லை, ஒளிந்திருக்கிறது. அதைக் கண்டுபிடிக்கும் வரை அந்த வண்டியை இரவு ஹயருக்கு எடுக்காமல் இருப்பதே நல்லது.

பயிற்சிக் கேள்விகள்

1. மழை நாளில் மட்டும் வைப்பரும் பிரேக் லைட்டும் சேர்ந்து நிற்கின்றன. ஹோன் அடிக்கிறது. எங்கே தொடங்குவீர்கள்?

2. ஒரு பக்கத்து முன் லைட் மட்டும் மங்கல். பல்பு புதியது. அடுத்து எதைச் சோதிப்பீர்கள்?