அடக்கி வைக்காதே, கண்ணம்மா

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

பெரியம்மா எழுதுகிறேன். குரோம்பேட்டைத் துணிக்கடை வேலை பழகிவிட்டது, பெருங்களத்தூர் விடுதிச் சாப்பாடும் ஒத்துக்கொண்டது என்று நீ எழுதியதில் மனசு நிறைந்தது. கடைசியில் போகிற போக்கில் ஒன்று எழுதியிருந்தாய்: அறைத் தோழிக்கு அடிக்கடி நீர்க்கடுப்பு வருகிறது, "எல்லாம் உடம்புச் சூடு" என்று மோரைக் குடித்துவிட்டு வேலைக்குக் கிளம்பிவிடுகிறாள் என்று. அதற்காகத்தான் இந்த நீளக் கடிதம். மருத்துவமனை ஆய்வகத்தில் சிறுநீர்ப் பரிசோதனை செய்தே காலம் கழித்தவள் நான். முதல் நாளே வந்திருந்தால் மாத்திரையோடு போயிருக்கும் தொல்லை, வெட்கத்தால் வளர்ந்து, குளிர்காய்ச்சலோடு ஸ்ட்ரெச்சரில் வந்து சேர்வதை நிறையப் பார்த்திருக்கிறேன். உனக்கும் அவளுக்கும் அது வேண்டாம்.

மோரும் இளநீரும் தப்பில்லை. சித்திரை வெயிலில் வியர்வையாகவே நீர் போய்விட்டால் சிறுநீர் அடர்ந்து மஞ்சளாகும், லேசாக எரியவும் செய்யும். நன்றாகத் தண்ணீர் குடித்தால் அன்றைக்கே தெளிந்துவிடும். தெளியவில்லை, மறுநாளும் எரிகிறது என்றால் வெயிலைக் குறை சொல்லிக்கொண்டிருக்கக் கூடாது. கிருமித் தொற்றா என்று பார்த்துவிட வேண்டும்.

உள்ளே நடப்பதைத் தெரிந்துகொள். சிறுநீரகங்கள் இரண்டும் இரத்தத்தை வடிகட்டி, ஒரு நாளைக்குச் சுமார் ஒன்றரை லிட்டர் சிறுநீரைப் பிரிக்கின்றன. அது இரண்டு குழாய்கள் வழியாக இறங்கிச் சிறுநீர்ப்பையில் சேர்கிறது. 150, 200 மில்லி சேர்ந்ததுமே போக வேண்டும் என்ற உணர்வு வந்துவிடும். 400, 500 மில்லி வரை பை தாங்கும். அங்கிருந்து வெளியே வரும் பாதை ஆண்களுக்குச் சுமார் 20 சென்டிமீட்டர், பெண்களுக்கோ 4 சென்டிமீட்டர்தான். அதன் வாசலும் மலவாய்க்குப் பக்கத்திலேயே இருக்கிறது. குடலுக்குள் சாதுவாகக் குடியிருக்கும் ஈ.கோலை என்ற பாக்டீரியா அந்தச் சின்னப் பாதையில் ஏறிப் பைக்குள் போய்விட்டால் தொற்று. நான்கில் மூன்று தொற்றுக்கு அதுவே காரணம். பெண்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு வாழ்நாளில் ஒரு தடவையாவது வருகிற நோய் இது. ஆகவே கூச்சப்பட இதில் ஒன்றுமே இல்லை.

அடையாளங்களைச் சொல்கிறேன். போகும்போது எரிச்சல், போய்விட்டு வந்ததுமே மறுபடி முட்டுவது, போனால் நாலு சொட்டுக்கு மேல் வராதது, அடிவயிற்றில் கனம், கலங்கலான நிறம், வழக்கத்துக்கு மாறான நாற்றம், சில சமயம் இரத்தம். இவையெல்லாம் தொற்று பையளவில் இருப்பதைக் காட்டுகின்றன. அது மேலே ஏறிச் சிறுநீரகத்தைத் தொட்டுவிட்டால் நிலைமை வேறு. உடம்பைத் தூக்கிப் போடும் குளிர்காய்ச்சல், விலாவுக்குக் கீழே முதுகுப் பக்கம் வலி, குமட்டல், வாந்தி. இவை வந்தால் லீவு கிடைக்குமா என்று யோசிக்கக் கூடாது, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கர்ப்பிணிக்கு லேசான எரிச்சல் இருந்தாலும் உடனே காட்ட வேண்டும். தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து உண்டு.

இனி, ஏன் வருகிறது என்பது. சிறுநீர் வெளியேறும்போது கிருமிகளையும் அலசிக்கொண்டு போகிறது. குறைவாகக் குடித்து, வந்ததையும் மணிக்கணக்கில் அடக்கினால் அந்த அலசல் நின்றுவிடுகிறது. கிருமி பெருக நாமே அவகாசம் கொடுக்கிறோம். 2018-ல் வெளியான ஓர் ஆய்வில், அடிக்கடி தொற்று வந்துகொண்டிருந்த, தண்ணீர் குறைவாகக் குடிக்கும் 140 பெண்களை எடுத்துக்கொண்டார்கள். பாதிப் பேரை மட்டும் தினமும் கூடுதலாக ஒன்றரை லிட்டர் குடிக்கச் சொன்னார்கள். ஒரு வருடத்தில் அவர்களுக்கு வந்த தொற்று, மற்றவர்களுக்கு வந்ததில் பாதியளவுதான்.

"குடித்தால் போக வேண்டுமே, எங்கே போவது?" என்று நீ கேட்பாய். நியாயமான கேள்வி. செங்கல்பட்டிலிருந்து சென்னைக் கடற்கரை நிலையம் வரை 60 கிலோமீட்டர் ஓடும் மின்சார ரயிலில் கழிப்பறை கிடையாது. கிளாம்பாக்கம் பேருந்து நிலையத்தில் ராத்திரி பஸ் ஏறும் பெண்கள் சாயங்காலமே தண்ணீரை நிறுத்திவிடுகிறார்கள். கடையில் கூட்ட நேரத்தில் கவுன்டரை விட்டு நகர முடிவதில்லை. இது உங்கள் கஷ்டம் மட்டுமல்ல. கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் தையல் வேலை செய்த விஜி என்ற பெண், கடைப் பெண்களுக்குக் கழிப்பறை கேட்டுத்தான் போராட்டத்தைத் தொடங்கினார். அது உட்காரும் உரிமைக்கான போராட்டமாக வளர்ந்து, 2018-ல் கேரளம் சட்டத்தையே திருத்தியது. தமிழ்நாடும் 2021-ல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு இருக்கை கட்டாயம் என்றது. கேட்டுப் பெற்ற உரிமைகள் இவை. கழிப்பறைக்குப் போக ஐந்து நிமிடம் கேட்பது சலுகை கேட்பதாகாது. சாப்பாட்டு நேரம் போல அதுவும் உடம்புக்கு வேண்டியது. நீயும் உன் தோழிகளும் சேர்ந்து மேற்பார்வையாளரிடம் பேசி, மாற்றி மாற்றிப் போய்வர ஒரு முறை வைத்துக்கொள்ளுங்கள். மூன்று, நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை போய்விடு.

அடக்குவது ஒன்றே காரணம் என்றும் நினைத்துவிடாதே. சர்க்கரை நோய் இருந்தால் தொற்று எளிதில் வரும், அடிக்கடி வரும். சிறுநீர்க் கல் அடைத்தால் இடுப்பிலிருந்து தொடை வரை இழுத்துப் பிடிக்கும் வலியோடு வரும். கல்யாணமான புதிதில் பல பெண்களுக்கு வருவதுண்டு. தாம்பத்தியத்துக்குப் பிறகு சிறுநீர் கழித்துவிடுவது நல்லது. மாதவிடாய் நின்ற பின் உடம்பில் ஏற்படும் மாற்றத்தாலும் வரும். ஊரில் உன் தாத்தா ராத்திரியில் நாலு தடவை எழுந்து போகிறாரே, அந்த வயது ஆண்களுக்குப் பிராஸ்டேட் சுரப்பி வீங்கிப் பாதையை நெருக்குவது வழக்கம். அவரையும் காட்டச் சொல்லி அப்பாவிடம் சொல்.

இன்னொரு காரணமும் உண்டு. உன் ரயில் தினமும் தாண்டிப் போகும் தாம்பரம் சானடோரியத்தில், 1928-ல் டாக்டர் சௌரி முத்து தொடங்கிய காசநோய் மருத்துவமனை இருக்கிறது. காசநோய் நுரையீரலோடு நிற்பதில்லை. சிறுநீரகத்தையும் பையையும் தாக்கும். சிறுநீரில் சீழ் அணுக்கள் தெரியும், ஆனால் சாதாரண கல்ச்சரில், அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனையில், எதுவும் வளராது. அப்படி வந்தால் ஆய்வகத்தில் எங்களுக்குக் காசநோய்ச் சந்தேகம் எழும். அந்த நோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின் மாத்திரையால் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகும். பீட்ரூட் சாப்பிட்டாலும் சிவக்கும். அதற்குப் பயப்பட வேண்டாம். ஆனால் காரணம் தெரியாமல், வலியே இல்லாமல் இரத்தம் போனால் ஒரு தடவையோடு நின்றுவிட்டாலும் விடக் கூடாது. சிறுநீர்ப்பைப் புற்றுநோயின் முதல் அடையாளமாக அது இருக்கலாம், புகைபிடிப்பவர்களுக்கு அந்த ஆபத்து அதிகம்.

உன் தோழி செய்ய வேண்டியது இதுதான். மருந்துக் கடையில் "நீர்க்கடுப்புக்கு ரெண்டு மாத்திரை" என்று ஆன்டிபயாடிக் வாங்கி விழுங்கக் கூடாது. இப்படிக் கண்டபடி தின்றதாலும் நம் நாட்டு ஈ.கோலைக்குப் பல மருந்துகள் பலிக்காமல் போய்விட்டன. அவளுக்கு அடிக்கடி வருவதால் யூரின் கல்ச்சர் அவசியம். மருந்தைத் தொடங்குவதற்கு முன்பே மாதிரி கொடுக்க வேண்டும். முதலில் வருவதை விட்டுவிட்டு, நடுவில் வருவதை மட்டும் சுத்தமான குப்பியில் பிடித்து, தாமதிக்காமல் ஆய்வகத்தில் கொடுக்கச் சொல். எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் என்று இரண்டு, மூன்று நாளில் தெரியும். மருத்துவர் சொன்ன நாள் வரை மாத்திரையை முடிக்க வேண்டும். கூடவே சர்க்கரையும் பார்த்துக்கொள்ளட்டும். கல்ச்சரில் ஒன்றும் இல்லை, ஆனாலும் எரிச்சலும் முட்டலும் தொடர்கிறது என்றால், அது பிரமை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கிருமி இல்லாமலேயே சிறுநீர்ப்பை நோகும் நோய்களும் உண்டு.

நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் முதலில் காட்டலாம். பெரிய சிகிச்சை தேவைப்பட்டால் கிண்டியில் 2023 ஜூனில் திறந்த கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனையில் சிறுநீரகவியல் பிரிவு இருக்கிறது. மின்சார ரயிலிலேயே போய்விடலாம்.

உனக்கும் சில வழக்கங்கள்: கழுவுவதும் துடைப்பதும் முன்னாலிருந்து பின்னால், நாப்கினை நாலிலிருந்து ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை மாற்று, தண்ணீர் பாட்டிலைக் கையோடு வை. சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் போதுமான அளவு குடிக்கிறாய் என்று பொருள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, சொல்லப் பழகு. எரிகிறது என்று தோழியிடம், அம்மாவிடம், மருத்துவரிடம் முதல் நாளே சொல்லும் பெண்ணுக்குப் பெரும்பாலும் சில நாள் மாத்திரையோடு தொல்லை தீர்ந்துவிடும். இந்தக் கடிதத்தை அவளிடம் படித்துக் காட்டு. வருகிற வார விடுமுறையில் நீயே கூட்டிக்கொண்டு போ. தனியாகப் போக அவள் தயங்குவாள். கல்ச்சர் முடிவு வந்ததும் எனக்குப் போன் செய்.

அன்புடன்,
பெரியம்மா